இருபது ஜோடிகளில் முடிந்திருக்க வேண்டிய சோதனை

விடிவதற்கு முன்பே போன் அடித்தது. மானூர்ப் பக்கம் கிணற்றுப் பாசனம் செய்யும் அண்ணாச்சி ஒருவர் பேசினார். "தம்பி, தண்ணீரே இல்லாத கிணற்றில் இரவு முழுக்க மோட்டார் ஓடியிருக்கிறது. மோட்டாரின் கம்பிச்சுருள், காயில், கருகிவிட்டது." அந்த ஸ்டார்ட்டர் பெட்டிக்குள் ஓடும் நிரலை எழுதியது நாங்கள். புதுப் பதிப்பை ஏற்றி ஒரு வாரம்கூட ஆகவில்லை. எல்லாச் சோதனையிலும் அது தேறியிருந்தது.

பாளையங்கோட்டையில் உட்கார்ந்து, போனில் இயக்கும் மோட்டார் ஸ்டார்ட்டர்களுக்கு நிரல் எழுதுவது என் தொழில். தாமிரபரணிக் கால்வாய்கள் பாயும் இடங்களில் கார், பிசானம் என்ற இரு நெல் பருவங்களுக்கும் தண்ணீர் மடை வழியாக வந்துவிடும். கால்வாய் எட்டாத ஊர்களில் கிணறுதான் கதி. மும்முனை மின்சாரம் நள்ளிரவில் வந்தாலும் மோட்டார் தானாக எடுத்துக்கொள்ள வேண்டும். கிணறு வற்றினால் தானாக நிற்க வேண்டும். இந்த இரண்டு வசதிக்காகத்தான் விவசாயி பெட்டியே வாங்குகிறார்.

அன்று நடந்த தவறை ஒளிக்காமல் எழுதுகிறேன். பொறியியல் படிக்கும் நம் பிள்ளைகள் இதிலிருந்து ஒரு விஷயத்தைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்ற ஆசைதான் காரணம்.

விளக்குவதற்காகக் கொஞ்சம் சுருக்கிச் சொல்கிறேன். பழைய நிரலில் ஐந்து நிலைகள் இருந்தன. ஓட்டம். உரிமையாளர் நிறுத்திய நிறுத்தம். ஓடும்போது கரண்டு போனால் மின்தடை. தண்ணீர் வற்றினால் வறட்சி. ஐந்தாவது, வறட்சியில் நிற்கும்போதே கரண்டும் போய்விட்ட நிலை. புதுப் பதிப்பில் இந்த ஐந்தாவதை மின்தடையோடு சேர்த்துவிட்டோம். இரண்டிலும் கரண்டு இல்லை, மோட்டாரும் ஓடவில்லை, எதற்கு இரண்டு என்று நினைத்தோம். தண்ணீர் வற்றினால் நிற்கிறதா என்று பார்த்தோம், நின்றது. கரண்டு போய் வந்தால் எடுக்கிறதா என்று பார்த்தோம், எடுத்தது. கிணறு வற்றி, அதன்பின் கரண்டு போய், திரும்பவும் வந்தால் என்ன ஆகும் என்று யாரும் பார்க்கவில்லை. மானூரில் அன்றிரவு நடந்தது அதுதான்.

"இன்னும் நிறையச் சோதித்திருக்க வேண்டும்" என்பதுதான் எல்லோரும் சொல்லும் பதில். எனக்கு அதில் உடன்பாடில்லை. பொத்தானை அழுத்துவது, கரண்டு போவது, வருவது, தண்ணீர் வற்றுவது ஆகியவற்றை எந்த வரிசையிலும் எத்தனை முறையும் அடுக்கலாம். அந்த வரிசைகளுக்கு முடிவே கிடையாது. எத்தனை சோதித்தாலும் மீதி இருக்கும்.

வேறு வழி ஒன்று உண்டு. ஒரு தாளும் பென்சிலும் போதும். பழைய நிரலின் 'ஓட்டம்' என்ற நிலையையும் புதிய நிரலின் 'ஓட்டம்' என்ற நிலையையும் ஒரு ஜோடியாக எழுதுங்கள். இரண்டிலும் வெளியே தெரிவது ஒன்றுதானா? ஒன்றுதான். இனி ஒவ்வொரு நிகழ்வையும் இரண்டுக்கும் ஒன்றாகக் கொடுத்து, கிடைக்கும் புது ஜோடியை எழுதுங்கள். தண்ணீர் வற்றினால்: வறட்சி, வறட்சி. இரண்டும் நிற்கின்றன. அங்கிருந்து கரண்டு போனால்: பழையதில் ஐந்தாவது நிலை, புதியதில் மின்தடை. இப்போதும் இரண்டும் நிற்கின்றன. அங்கிருந்து கரண்டு வந்தால்: பழையது வறட்சிக்குத் திரும்புகிறது, புதியது ஓடத் தொடங்குகிறது. மூன்றாவது அடியிலேயே குட்டு உடைந்துவிட்டது.

ஏற்கெனவே எழுதிய ஜோடி மறுபடி வந்தால் அதைத் தொட வேண்டியதில்லை. பழையதில் ஐந்து நிலை, புதியதில் நான்கு. ஆக மொத்தம் 20 ஜோடிகளுக்கு மேல் வரவே முடியாது. புது ஜோடி இனி இல்லை என்ற இடம்வரை எந்த ஜோடியிலும் வேற்றுமை தென்படாவிட்டால், இரண்டு நிரலும் எந்த வரிசையிலும், எத்தனை வருடம் ஓடினாலும் ஒரே மாதிரிதான் நடக்கும். முடிவில்லாத வரிசைகளைப் பற்றிய உறுதி 20 வரிகளுக்குள் கிடைத்துவிடுகிறது. இதை முதன்முதலில் விளங்கிக்கொண்ட நாளில் எனக்கு ஏற்பட்ட சிலிர்ப்பு இன்றும் அடங்கவில்லை.

அப்படி வேற்றுமை இல்லாமல் முடிந்த ஜோடிப் பட்டியலுக்குப் பெயர் பைசிமுலேஷன். 1980-களின் தொடக்கத்தில் டேவிட் பார்க், ராபின் மில்னர் ஆகியோரின் ஆய்வுகளில் உருப்பெற்றது. ஒரு நிலையை 'இப்போது வெளியே என்ன தெரிகிறது, ஒவ்வொரு நிகழ்வுக்கும் அடுத்து எங்கே போகிறது' என்ற இரண்டால் மட்டுமே அறியும் பார்வைக்குக் கோ-அல்ஜீப்ரா என்று பெயர். பலவகை அமைப்புகளுக்கும் பொதுவான கோட்பாடாக இதைத் தொகுத்து யான் ருட்டன் எழுதிய கட்டுரை 2000-இல் வெளிவந்தது.

கல்லூரியில் நமக்குச் சொல்லித்தருவது பெரும்பாலும் மறுபாதி, அதாவது இயற்கணித (அல்ஜீப்ரா) பாதி. பத்தமடையில் கோரையை ஒவ்வொன்றாகக் கோத்துப் பாய் முடைகிறார்களே, அப்படிச் சிறியதிலிருந்து பெரியதைக் கட்டுவது. நிரலில் தரவை வைக்கும் பட்டியல், மரம், அடுக்கு எல்லாம் அந்த வகை. அவற்றுக்குத் தொகுத்தறிமுறை (இண்டக்‌ஷன்) சரியான கருவி: காலிப் பட்டியலுக்கு மெய்யா, ஒன்றைச் சேர்த்தாலும் மெய்யா என்று கேட்கலாம். ஸ்டார்ட்டர் பெட்டிக்கு அப்படித் தொடக்கமும் முடிவும் வைத்துக் கட்டிய உருவம் இல்லை. அது ஓடிக்கொண்டே இருப்பது. பாய்க்கு உரிய அளவுகோலை ஆற்றுக்கு வைத்துப் பார்க்கக் கூடாது.

இது ஆராய்ச்சியாளர்களுக்கு மட்டும் உரிய கணக்கு என்று ஒதுக்குகிறவர்களுக்கு ஒரு பழைய செய்தி. இரண்டு கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் காண்பதற்காக நீதம், ஷ்ரோடர் என்ற கணினியியலாளர்கள் இருவரும் 1978-இல் ஒரு நெறிமுறையை (புரோட்டோகால்) வெளியிட்டார்கள். மிகச் சிறியது, பலரும் படித்தது. அதன் பொதுச்சாவி (பப்ளிக் கீ) வடிவத்தில் இருந்த ஓட்டையை 1995-இல் கேவின் லோ வெளிப்படுத்தினார். 17 ஆண்டுகள்! மறு ஆண்டே, ஒன்றோடொன்று பேசும் நிரல்களை விவரிக்க டோனி ஹோர் வகுத்த செயல்முறை இயற்கணிதத்தில் அந்த நெறிமுறையை எழுதி, ஒரு சோதனைக் கருவியிடம் கொடுத்து அதே தாக்குதலைத் தேடி எடுக்க முடியும் என்று காட்டினார். நிலைகளை ஒன்றுவிடாமல் நடந்து பார்த்த வேலைதான் அதுவும்.

ஜோடி வைத்துப் பார்க்கும் வழிமுறைகூடப் புதிதல்ல, ஹாப்கிராஃப்ட், கார்ப் என்ற கணினியியலாளர்கள் 1971-இலேயே தந்தது. அதற்கும் பைசிமுலேஷனுக்கும் உள்ள உறவை வைத்து, 2013-இல் பொங்கி, பூ என்ற ஆய்வாளர்கள் இன்னும் குறைந்த ஜோடிகளில் வேலையை முடிக்க வழி கண்டார்கள். கோட்பாடு தெரிந்தால் கருவியும் கூர்மையாகும் என்று நான் பிடிவாதமாகச் சொல்வது இதனால்தான்.

ஒரு எச்சரிக்கை. நேரம் எண்ணும் டைமர்களைச் சேர்த்தால் நிலைகள் மளமளவென்று பெருகும். தாளில் வரைந்த படமும் பெட்டிக்குள் ஏற்றிய நிரலும் வேறுபட்டால் எல்லாக் கணக்கும் வீண். ஆகவே இப்போது படத்தைக் கையால் வரைவதில்லை. நிரலிலிருந்தே நிலைகளை எடுத்து, பழையதையும் புதியதையும் ஜோடி பார்க்கும் சிறு நிரல் ஒன்றை எழுதி வைத்திருக்கிறோம். அது ஒப்புக்கொள்ளாமல் எந்தப் பெட்டியும் எங்கள் மேசையை விட்டு நகர்வதில்லை. வேண்டுமென்றே ஒரு மாற்றம் செய்திருந்தால், வேறுபடும் ஜோடியைக் கையில் வைத்துக்கொண்டு, இது நாம் கேட்ட மாற்றம்தானா என்று இருவர் உட்கார்ந்து பார்க்கிறோம்.

அண்ணாச்சிக்குக் காயில் கட்டும் செலவை நாங்களே கொடுத்தோம். பெட்டியைத் திருத்தி எடுத்துப்போன அன்று, வறட்சி விளக்கு எரியும்போதே மெயினை அணைத்து மறுபடி போடச் சொன்னேன். மோட்டார் எடுக்கவில்லை. அவர் இன்னும் ஒரு முறை அணைத்துப் போட்டார். கிணற்று மேட்டில் நின்று காது கொடுத்துக் கேட்டார். பிறகுதான் பெட்டியின் கதவைச் சாத்தினார்.