பத்து யூரோ போத்தலும் ஒரு பஞ்சு இழையும்

பாரீஸ் புறநகர் ஒன்றிலிருந்து வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்: "அம்மா அப்பாவின் நாற்பதாவது கலியாண நாளுக்கு வீட்டிலேயே விருந்து வைக்கிறோம். ஷாம்பெய்ன் எங்களுக்குக் கட்டுப்படியாகாது. பத்து யூரோவுக்குக் கிடைக்கும் க்ரேமோன் வாங்கினால் மரியாதைக் குறைவாக இருக்குமா? மலிவான போத்தலில் குமிழி சீக்கிரம் போய்விடும் என்கிறார்களே, உண்மையா?"

தாராளமாக வாங்குங்கள். க்ரேமோனும் ஷாம்பெய்னைப் போலக் குமிழிவிடும் வைன்தான். ஏன் என்று சொல்கிறேன்.

ஈஸ்ட் சர்க்கரையைத் தின்று ஆல்கஹாலும் கரியமில வாயுவும் தரும் என்பது பள்ளிப் பாடம். சாதாரண வைனில் அந்த வாயு காற்றோடு போய்விடும். ஷாம்பெய்னில், தயாரான வைனைப் போத்தலில் நிரப்பி, லிட்டருக்கு 24 கிராம் அளவில் சர்க்கரையும் கொஞ்சம் ஈஸ்ட்டும் சேர்த்து இறுக மூடிவிடுகிறார்கள். மூடிய போத்தலுக்குள் மறுபடி நொதிக்கிறது. வாயு வெளியேற வழியில்லாமல் வைனிலேயே கரைகிறது. உள்ளே அழுத்தம் வளிமண்டலத்தைப் போல ஆறு மடங்கு வரை ஏறும். ஒரு போத்தலில் கரைந்திருப்பது சுமார் 9 கிராம் வாயு, வெளியே விட்டால் கிட்டத்தட்ட 5 லிட்டர் இடம் பிடிக்கும். பிறகு போத்தலைத் தலைகீழாகச் சாய்த்து, செத்த ஈஸ்ட்டைக் கழுத்தில் சேர்த்து, அந்தப் பகுதியை உறைய வைத்து வெளியே தள்ளுகிறார்கள். இதை டொம் பெரிஞோன் என்ற துறவி கண்டுபிடித்தார் என்பது வெறும் கதை. அவர் மடத்துப் பொறுப்பை ஏற்பதற்கு முன்பே, 1662இல், சர்க்கரை சேர்த்தால் வைன் நுரைக்கும் என்று லண்டனின் அறிவியல் சங்கமான ராயல் சொசைட்டியில் ஆங்கிலேய மருத்துவர் கிறிஸ்டோபர் மெரெட் எழுதிக் கொடுத்துவிட்டார்.

அல்சாஸ், லுவார், பர்கண்டி வட்டாரங்களின் க்ரேமோனும் ஸ்பெயினின் காவாவும் இதே முறையில்தான் தயாராகின்றன. போத்தலில் 'மெத்தோட் த்ரடிசியோனெல்' என்று எழுதியிருந்தால் இந்த முறைதான். அப்படியானால் விலை ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? ஷாம்பெய்ன் வட்டாரத்தில் திராட்சை கிலோ 6 யூரோவுக்கு மேல். ஒரு போத்தலுக்கு ஒரு கிலோவுக்கும் கூடுதலாகவே பழம் வேண்டும். அதற்குமேல் குறைந்தது 15 மாதம் நிலவறையில் கிடக்க வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் அந்தப் பெயரைப் போட வேறு எந்த ஊருக்கும் உரிமை கிடையாது. இத்தாலியின் ப்ரொசெக்கோ வேறு வழி: இரண்டாவது நொதித்தலைப் பெரிய எஃகுத் தொட்டியில் முடித்துக்கொள்கிறார்கள். செலவு குறைவு, பழவாசனை தூக்கலாக இருக்கும்.

ஆனால் நீங்கள் கேட்டது குமிழியைப் பற்றி. எனக்குப் பிடித்த இடமும் அதுதான்.

போத்தலைத் திறந்ததும் வைனில் அளவுக்கு மீறி வாயு கரைந்திருக்கிறது, வெளியேறத் துடிக்கிறது. ஆனாலும் திரவத்தின் நடுவே ஒரு குமிழி தானாகப் பிறக்க முடியாது. மிகச் சிறிய குமிழியைப் பரப்பு இழுவிசை நசுக்கிவிடும். ஒரு மைக்ரானில் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) ஐந்தில் ஒரு பங்கு ஆரமாவது ஏற்கெனவே இருந்தால்தான் அது பிழைத்து வளரும். அந்த முதல் இடத்தை யார் கொடுப்பது? கண்ணாடியில் உள்ள கீறல்கள் என்றுதான் வெகுகாலம் நினைத்திருந்தார்கள். பிரான்ஸின் ரீம்ஸ் பல்கலைக்கழகத்தில் இயற்பியலாளர் ஜெரார் லிஜேர்-பெலேர் அதிவேகக் கேமராவை வைத்துக் கிளாஸின் அடிப்பகுதியைப் பார்த்தபோது, பெரும்பாலான குமிழிகள் கிளாஸில் ஒட்டியிருந்த நுண்ணிய செல்லுலோஸ் இழைகளிலிருந்து புறப்படுவது தெரிந்தது. துடைத்த துணியிலிருந்தும் காற்றிலிருந்தும் வந்து ஒட்டிய பஞ்சுத் தூசி!

அந்த இழை ஒரு குழாய். நீளம் ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு இருக்கலாம், உள்ளே காலியாக இருக்கும். வைனை ஊற்றும்போது திரவம் குழாயை முழுதாக நிரப்புவதற்குள் கொஞ்சம் காற்று உள்ளே மாட்டிக்கொள்கிறது. சுற்றியுள்ள வைனிலிருந்து கரியமில வாயு அந்தக் காற்றுப் பொட்டலத்துக்குள் நுழைகிறது. பொட்டலம் நீண்டு குழாயின் வாய்வரை வருகிறது. வாயில் ஒரு முத்து உருண்டு, கழுத்து ஒடுங்கி, பிரிகிறது. ஆனால் முழுவதும் போய்விடுவதில்லை! ஒரு துண்டு உள்ளே தங்குகிறது, அதுவே அடுத்த குமிழிக்கு விதை. இப்படி ஒரே இழை நொடிக்கு முப்பது குமிழி வரை விடும், கடிகாரம் போலத் தாளம் தப்பாமல். பிறக்கும்போது கண்ணுக்கே தெரியாத குமிழி, மேலே போகப் போக வழியில் உள்ள வாயுவையும் வாங்கிப் பருத்து, வேகமெடுக்கிறது. அதனால்தான் கிளாஸின் அடியில் நெருக்கமாக இருக்கும் முத்துச்சரம் மேலே இடைவெளி விட்டுத் தெரிகிறது. உங்கள் கிளாஸில் ஒரே ஒரு சரத்தைப் பிடித்துக்கொண்டு அடியிலிருந்து மேல்வரை கண்ணை ஓட்டிப் பாருங்கள்.

வீட்டில் சோடாவை வைத்தே நான் இதைச் செய்து பார்த்தேன். ஒரு கிளாஸை வெந்நீரில் அலசிக் கவிழ்த்துக் காயவைத்தேன். இன்னொன்றைப் பழைய பருத்தி வேட்டித் துண்டால் நன்றாகத் துடைத்தேன். துடைத்த கிளாஸில் ஏழெட்டுச் சரங்கள் எழுந்தன. மற்றதில் இரண்டே இரண்டு. ஒரே புட்டி, ஒரே நிமிடம். பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல சோதனை எனக்குத் தெரியாது.

ஆக, சரம் எழுவதும் எழாததும் கிளாஸைப் பொறுத்தது. வாயு எவ்வளவு நேரம் நிற்கும் என்பது எவ்வளவு கரைந்திருக்கிறது, எவ்வளவு குளிராக இருக்கிறது, எப்படி ஊற்றுகிறோம் என்பதைப் பொறுத்தது. மேலே நிற்கும் நுரையில் மட்டும், ஈஸ்ட்டோடு வைன் நீண்ட நாள் கிடந்ததற்குப் பலன் உண்டு.

குமிழி ஆராய்ச்சிக்குப் பொதுப் பணமா என்று கேட்பவர்கள் மீது எனக்குக் கோபம் வரும். மேற்பரப்பில் குமிழி உடையும்போது நுண்துளிகளைத் தூவுகிறது. வைனில் அவை வாசனையை மூக்குக்குக் கொண்டுவருகின்றன. கடல் நுரையில் உடையும் குமிழிகளும் இதே இயற்பியல்படிதான் உப்பைக் காற்றில் ஏற்றுகின்றன, அந்த உப்பைச் சுற்றி மேகத்துளி திரள்கிறது. ஒரு கிளாஸைக் கூர்ந்து பார்க்க ஒருவருக்குச் சம்பளம் கொடுத்த சமூகத்துக்குத்தான் இது தெரியவரும்.

மிச்சமான போத்தலின் வாயில் கரண்டிக் காம்பைச் செருகி வைத்தால் வாயு போகாது என்று பிரெஞ்சுக்காரர்களிடம் ஒரு நம்பிக்கை உண்டு. ஸ்டான்ஃபோர்டு வேதியியலாளர் ரிச்சர்ட் ஸேர் 1990களில் இதைச் சோதித்தார். கரண்டியால் ஒரு பயனும் இல்லை. இறுக மூடும் அடைப்பான் சில யூரோவுக்குக் கிடைக்கும்.

இனி உங்கள் விருந்து. போத்தலில் 'ப்ருட்' என்று இருந்தால் லிட்டருக்கு 12 கிராமுக்குள் சர்க்கரை. 'எக்ஸ்ட்ரா ட்ரை' என்பது அதைவிட இனிப்பு; 'ட்ரை' என்றால் இனிப்பற்றது என்பதால் பெயர்தான் ஏமாற்றும். ரோல்ஸ், பற்றிஸ் போன்ற பொரித்த பலகாரத்துக்குப் ப்ருட் க்ரேமோன் அருமையாகச் சேரும். புளிப்பு எண்ணெய்ப் பசையை அறுத்துவிடும். உறைப்பான நண்டுக் கறி வந்ததும் மாற்றிவிடுங்கள். சூட்டை உணரும் அதே நரம்பு வாங்கிகளைத்தான் மிளகாய் தூண்டுகிறது, ஆல்கஹால் அவற்றை இன்னும் கூர்மையாக்குகிறது. ஆல்கஹால் குறைந்த, லேசாக இனிக்கும் ஜெர்மன் ரீஸ்லிங் என்ற வெள்ளை வைன் அப்போது ஏற்றது. துவர்ப்பு மிகுந்த சிவப்பு வைன் வேண்டாம்.

போத்தலை மூன்று மணி நேரம் முன்பே குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். யார் முகத்தையும் நோக்காமல், தக்கையைப் பிடித்தபடி போத்தலைத் திருகித் திறவுங்கள். கிளாஸ்களை முதல் நாளே கழுவி, சவர்க்காரம் போக அலசி, பருத்தித் துணியால் துடைத்து வையுங்கள். ஊற்றும்போது கிளாஸைச் சாய்த்துச் சுவரோடு வழியவிடுங்கள். நிமிர்ந்த கிளாஸின் நடுவில் கொட்டுவதைவிட இதில் வாயு கூடுதலாக மிஞ்சுகிறது என்று ரீம்ஸ் குழு 2010இல் அளந்தே காட்டியிருக்கிறது. முதல் கிளாஸை அம்மாவுக்குக் கொடுங்கள்.