"அக்கா, ஓடலை"

எங்கள் சாஃப்ட்வேர் டீமில் புதிதாகச் சேர்ந்த விருதுநகர்ப் பையன் ஒருநாள் சாயங்காலம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினான். மானிட்டரை மொபைலில் எடுத்த போட்டோ. டியூப்லைட் வெளிச்சம் பாதி எழுத்தைத் தின்றிருந்தது. கீழே இரண்டே வார்த்தை: "அக்கா, ஓடலை."

நான் சில்க் போர்டு சிக்னலில் கேபுக்குள் இருந்தேன். பெங்களூர்க்காரர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்; மற்றவர்களுக்கு, நகராத ட்ராஃபிக். போன் போட்டேன்.

"எரர் என்ன சொல்லுது?"

"பெரிசா வருதுக்கா. நாற்பது வரி இருக்கும்."

"படிச்சியா?"

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை.

பதினாலு வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன். இந்த மௌனம் எனக்கு நல்ல பழக்கம். சோம்பேறித்தனம் என்று சொல்ல மாட்டேன். சிவப்பு எழுத்தில் இங்கிலீஷ் கொட்டினால், வாத்தியார் சுழித்த பரீட்சைத் தாளைப் பார்த்த மாதிரி கண் தானாக விலகிவிடுகிறது. ஆனால் அந்த நாற்பது வரியில் நமக்கு வேண்டியது ஒன்றிரண்டுதான். ப்ரோக்ராம் எழுதிய மொழி பைத்தான் என்றால் கடைசி வரி. ஜாவா என்றால் முதல் வரி, பிறகு 'காஸ்ட் பை' (Caused by, இதனால் வந்தது) என்று தொடங்குபவற்றில் கடைசியாக வருவது. நடுவில் நம் ஃபைல் பெயர் எங்கே தலைகாட்டுகிறது என்று பார்த்தால் போதும். மிச்சமெல்லாம் லைப்ரரிகள், அதாவது நாம் எடுத்துப் பயன்படுத்தும் பிறர் எழுதிய கோட், தங்களுக்குள் பேசிக்கொள்வது.

அவனுடையது பைத்தான். கடைசி வரியை வாய்விட்டுப் படித்தான். 'இன்கரெக்ட் ஸ்ட்ரிங் வேல்யூ', எழுத்துத் தொடர் சரியில்லை. வாடிக்கையாளர்கள் எழுதும் ரிவ்யூ டேட்டாபேஸில் ஏறவில்லை.

"எல்லா ரிவ்யூவுக்குமா?"

"ஒண்ணுக்குத்தான்கா. தமிழ்ல இருக்கு. தமிழை ஏத்துக்கலை போல."

"மத்த தமிழ் ரிவ்யூ ஏறுச்சா?"

"ஏறுச்சே..."

"அப்போ தமிழ் மேல பழி போடாத. பாதியை அழிச்சிட்டு ஏத்திப் பாரு."

பாதி, அதில் பாதி, அதிலும் பாதி. கேப் மடிவாளாவைத் தாண்டுவதற்குள் அவனே சொல்லிவிட்டான்: "கடைசியில ஒரு சிரிப்பு இமோஜி இருக்குக்கா. அதை எடுத்தா ஏறுது." இந்தப் பாதிப் பாதியாக வெட்டும் வித்தைதான் கோட் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கிட்டின் 'கிட் பைசெக்ட்' கட்டளை செய்வதும். ஆயிரம் கமிட்டில் (பதிந்த மாற்றங்களில்) எது கெடுத்தது என்பதைப் பத்துச் சோதனையில் பிடித்துவிடலாம்.

தேட உட்கார வேண்டியது இதற்குப் பிறகுதான். அதிலும், எரரை அப்படியே கூகுளில் கொட்டினால் நம் டேபிள் பெயரும் ஃபைல் பாதையும் சேர்ந்து போகும். அது உலகத்தில் வேறு யாரிடமும் இருக்காது. அவற்றை வெட்டிவிட்டு, பொதுவான பகுதியோடு மென்பொருளின் வெர்ஷனைச் சேர்த்துப் போடச் சொன்னேன். அரை மணி நேரத்தில் விஷயம் வெளியே வந்தது. பழைய மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில், எழுத்துகளைப் பைட்டாகச் சேமிக்கும் 'யூடிஎஃப்8' முறை என்றால் ஒரு குறிக்கு அதிகபட்சம் 3 பைட். தமிழ்க் குறிகள் ஒவ்வொன்றும் 3 பைட், அதனால் இடம் கிடைத்தது. சிரிப்பு இமோஜி 4 பைட். அதைத் தாங்கும் 'யூடிஎஃப்8எம்பி4' 2010-ல் 5.5.3 பதிப்பில் வந்தது. தானாகவே அமைவது 8.0-இல்தான். அவன் லேப்டாப்பில் 8.0, டெஸ்ட் சர்வரில் 5.6. 'என் மெஷின்ல ஓடுதே' என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இப்படி ஒரு வெர்ஷன் வித்தியாசம்தான் ஒளிந்திருக்கும்.

அவனுக்குக் கிடைத்த முதல் பதில், டேட்டாபேஸின் கேரக்டர் செட்டை (எழுத்துகளைச் சேமிக்கும் முறையை) மாற்று என்றது. மாற்றினான், ஒன்றும் நடக்கவில்லை. அந்தக் கட்டளை இனி உருவாகும் டேபிள்களுக்கு மட்டும்தான். இருக்கிற டேபிளைத் தனியாக மாற்ற வேண்டும். மேனுவலில் இது இருக்கிறது. மேனுவலை யாரும் திறப்பதில்லை, அது வேறு கதை. சாட்ஜிபிடியிடம் கேட்கிறவர்களுக்கும் இதுதான்: வெர்ஷனைச் சொல்லாமல் கேட்டால், வேறு யார் வீட்டுப் பூட்டுக்கோ சாவி வரும்.

மறுநாள் காலையில் அவனிடமிருந்து இன்னொரு மெசேஜ். இந்தத் தடவை போட்டோ இல்லை. (இன்டெக்ஸ் என்பது டேபிளில் வேகமாகத் தேட உதவும் அட்டவணை; ரோ ஃபார்மட், வரிசைகளைச் சேமிக்கும் விதம்.) மெசேஜ் இதுதான்:

"அக்கா, மைஎஸ்க்யூஎல் 5.6. டேபிளை எம்பி4-க்கு மாத்தினா, இன்டெக்ஸ் 767 பைட்டைத் தாண்டுதுன்னு எரர். டேபிள்ல அந்தக் காலம் (column) 255 எழுத்து. முன்னாடி 255 பெருக்கல் 3, 765, அதனால தப்பிச்சிருக்கு. இப்போ 1020. இன்டெக்ஸை முதல் 191 எழுத்துக்குச் சுருக்கினா 764-க்குள்ள அடங்கும். சுருக்கலாமா, இல்ல ரோ ஃபார்மட்டை மாத்தணுமா?"

இதற்குப் பதில் சொல்ல எனக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. "அது யுனிக் இன்டெக்ஸான்னு பாரு. யுனிக்னா சுருக்காதே, முதல் 191 எழுத்து ஒண்ணா இருந்தாலே டூப்ளிகேட்னு தள்ளிடும்." அவ்வளவுதான். (யுனிக் இன்டெக்ஸ் ஒரே மதிப்பை இரண்டு தடவை ஏற்காது.) வெர்ஷன், எரர், செய்து பார்த்தது, கணக்கு, தன் ஊகம் எல்லாம் அவன் கையில் இருந்தன. என்னிடம் இருந்தது அனுபவத்தில் பட்ட ஒரு எச்சரிக்கை மட்டும். முந்தின நாள் கேள்விக்கு நான் பதில் சொல்லியிருந்தால் அது வெறும் ஜோசியம்.

இன்னொன்று. வெளி ஆட்களிடமோ ஏஐயிடமோ கேட்கும்போது பாஸ்வேர்டு, ஏபிஐ கீ (வெளிச் சேவைகளுக்குள் நுழைய உதவும் ரகசியச் சாவி), வாடிக்கையாளர் பெயர், போன் நம்பர் எதுவும் போகக் கூடாது. இவையெல்லாம் எழுதிவைத்திருக்கும் கான்ஃபிக் ஃபைலை முழுசாகக் காப்பி செய்து ஒட்டுகிறவர்களை இன்றும் பார்க்கிறேன். கீ தப்பிப் போய்விட்டால் போஸ்ட்டை அழித்தால் போதாது, கீயையே மாற்ற வேண்டும்.

தேடுவதற்கும் எல்லை உண்டு. என் கணக்கு முக்கால் மணி நேரம். அதற்குள் புதிதாக ஒன்றும் தெரியவில்லை என்றால் கேட்டுவிடு என்பேன். ப்ரொடக்‌ஷன் (வாடிக்கையாளர்கள் பயன்படுத்தும் நிஜ சர்வர்) படுத்துவிட்டால் அந்த முக்கால் மணியும் கிடையாது. ஆபீசுக்கு உள்ளே மட்டும் தெரிந்த விஷயங்களுக்குத் தேடலே வேண்டாம், எந்த கூகுளிலும் அது இருக்காது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், மாரத்தஹள்ளியில் ஒரு ஆபீஸ். லைப்ரரி எதுவுமே டவுன்லோடு ஆகவில்லை. கேட்டால் ஒன்றும் தெரியாதவள் என்று நினைப்பார்களோ என்று பயந்து, இரண்டு நாள் நெட்டை அலசினேன், மெஷினில் எல்லாவற்றையும் அழித்து மறுபடி போட்டேன். மூன்றாம் நாள் பக்கத்து சீட்டுக் கன்னடக்காரர் டீ டம்ளரோடு எட்டிப் பார்த்தார். "ப்ராக்ஸி ஹாகிதீரா?" என்றார். ப்ராக்ஸி போட்டீர்களா என்று கேட்கிறார். ஆபீஸிலிருந்து நெட்டுக்குப் போக வழிவிடும் இடைச் சர்வர் அது. ப்ராக்ஸி என்று ஒன்று இருப்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.