ஷெல் கையேட்டில் காணாமல் போகும் வரிகள்

லினக்ஸ் கணினியில், தட்டச்சிடும் கட்டளைகளைப் படித்து இயக்கும் நிரலான பாஷ் ஷெல்லின் கையேட்டைத் திறந்தால் தெரியும் தலைப்புகளும் தடித்த எழுத்துகளும் கோப்பில் அந்த வடிவில் இருப்பதில்லை. கோப்பில் உள்ளவை வெறும் உரையும் இடையிடையே சில குறிகளும்தாம். அவற்றைப் படித்து, வரிகளை மடக்கிப் பக்கமாக்குவது ராஃப் என்னும் பழைய பக்க வடிவமைப்பு மொழி. அதன் வேர் 1964இல் எம்ஐடியில் ஜெரோம் சால்ட்சர் எழுதிய ரன்ஆஃப் நிரலில் இருக்கிறது. லினக்ஸில் இன்று அந்த மொழியைப் பெரும்பாலும் கையாள்வது ஜேம்ஸ் கிளார்க் 1990 வாக்கில் உருவாக்கிய ஜீ-ராஃப் நிரல்.

ராஃபின் இலக்கணம் எளியது. புள்ளியிலோ ஒற்றை மேற்கோளிலோ தொடங்கும் வரி, அச்சிட வேண்டிய உரை அன்று, ஆணை. வரியின் நடுவே ஆணை தர வேண்டுமானால் பின்சாய்வுக்கோடு. பெரும்பாலான நிரல்களின் கையேடுகளுக்கு இது பெரிய தொல்லை தராது. ஆனால் ஷெல்லும் இதே மூன்று குறிகளைத் தன் இலக்கணத்துக்கு எடுத்துக்கொண்டிருப்பதால், ஷெல்லின் கையேட்டை எழுதுபவர் இரண்டு மொழிகளின் மோதலுக்கு நடுவே எழுத வேண்டியிருக்கிறது.

ஷெல்லில் தனிப் புள்ளி ஒரு கட்டளை. ஒரு கோப்பில் உள்ள கட்டளைகளைப் படித்து இயக்குவது அதன் பணி. அதற்கான எடுத்துக்காட்டைக் கையேட்டில் வரியின் தொடக்கத்தில் எழுதினால், ராஃப் அந்தக் கோப்பின் பெயரில் ஓர் ஆணையைத் தேடி, கிடைக்காததால் வரி முழுவதையும் விழுங்கிவிடும். எச்சரிக்கைகளைக் கேட்டு இயக்கினாலொழிய ஒரு சொல்லும் சொல்லாது. தீர்வு, வரியின் முன்னே \& என்று இடுவது; அகலமே இல்லாத அந்தக் குறி முதலிடத்தைப் பிடித்துக்கொள்வதால் புள்ளி வெறும் புள்ளியாகவே அச்சேறும்.

பின்சாய்வுக்கோடு செய்யும் குழப்பம் இதைவிட நுட்பமானது. அதையடுத்து 'என்' என்ற ஆங்கில எழுத்து வந்தால், உரையை வடிவமைத்து அச்சிடும் பிரின்ட்எஃப் கட்டளைக்கு அது புதிய வரி. ராஃபுக்கோ, அடுத்த எழுத்தைப் பெயராகக் கொண்ட எண்பதிவின் (எண்ணைச் சேமித்து வைக்கும் மாறியின்) மதிப்பை அங்கே இடச் சொல்லும் ஆணை. அப்படியொரு பதிவு இல்லையெனில் மதிப்பு சுழியம். ஆகவே ஏ, பின்சாய்வுக்கோடு, என், பி என்று எழுதிய எடுத்துக்காட்டு திரையில் 'ஏ0' என்று வந்து நிற்கும். \" என்று வந்தாலோ இன்னும் மோசம்: ராஃபில் அது குறிப்புரையின் தொடக்கம் என்பதால் வரியின் எஞ்சிய பகுதி மறைந்துவிடும். பலர் பின்சாய்வுக்கோட்டை இரட்டித்துப் பார்ப்பார்கள். சாதாரண வரியில் அது பலிக்கும். தடித்த எழுத்துக்கான மேக்ரோவுக்கு (பல ஆணைகளை ஒரே பெயரில் தொகுத்த ஆணைக்கு) உள்ளீடாகப் போகும்போது இரண்டில் ஒன்று கழிந்து, எஞ்சியது மீண்டும் ஆணையாகிவிடும். பின்சாய்வுக்கோட்டுடன் 'ஈ' என்ற ஆங்கில எழுத்தைச் சேர்த்து எழுதுவதே நம்பத்தக்க வழி.

வரி மறைந்தால் கூர்ந்து படிப்பவராவது கண்டுபிடித்துவிடுவார்; இணைப்புக்கோட்டின் பிழை கண்ணுக்கே தெரியாது. விசைப்பலகையில் உள்ள, 45 என்ற ஆஸ்கி எண் கொண்ட குறியை அப்படியே எழுதினால், ராஃப் அதைச் சொற்களை இணைக்கும் கோடாகக் கருதி, யூனிகோட் வசதியுள்ள திரையில் அதற்குரிய வேறொரு குறியை இடக்கூடும். வாசகர் அந்தக் கட்டளையை நகலெடுத்து ஒட்டினால், அந்தக் கட்டளைக்கு அது விருப்பத்தேர்வாக, அதாவது செயலை மாற்றக் கோட்டுடன் தரும் குறிப்பாக, தெரியாது. 'அப்படியொரு கோப்பு இல்லை' என்பது போன்ற விடைதான் வரும். விருப்பத்தேர்வுகளில் \- என்று எழுதினால் போதும். அதற்காகக் கோப்பு முழுவதும் ஒரே வீச்சில் மாற்றிவிடுவது, என் பார்வையில், சோம்பேறித்தனமான திருத்தம். கூட்டுச்சொற்களின் நடுவே வரும் கோடு இணைப்புக்கோடாகவே இருக்க வேண்டும்.

2023இல் வெளியான ஜீ-ராஃப் 1.23, இந்தக் குறியையும் ஒற்றை மேற்கோளையும் கையேடுகளுக்காக ஆஸ்கி வடிவிலேயே வைத்திருந்த பழைய சலுகையைக் கைவிட்டது. லினக்ஸ் வழங்கல்களில் ஒன்றான டெபியன் தன் உள்ளமைவுக் கோப்பில் அதை மீட்டுக்கொண்டது. அதனால் திருத்தப்படாத ஒரே கையேடு ஒரு கணினியில் சரியாகவும் இன்னொன்றில் பிழையாகவும் தோன்றலாம். தன் திரையில் சரியாகத் தெரிகிறது என்று பிழை அறிக்கையை மூடிவிடும் பராமரிப்பாளர், அறிக்கையை எழுதியவர் எந்த அமைப்பில் பார்த்தார் என்பதை முதலில் கேட்டுக்கொள்வது நல்லது.