வலம் வந்தவர் சுழன்றாரா?

சுசீந்திரம் தாணுமாலயன் கோயில் வெளிப்பிரகாரத்தை ஒருமுறை வலம் வந்தவரிடம், "நீங்கள் எத்தனை தரம் சுழன்றீர்கள்?" என்று கேட்டுப் பாருங்கள். "நான் எங்கே சுழன்றேன், நேராகத்தானே நடந்தேன்" என்பார். ஆனால் தெற்குப் பிரகாரத்தில் அவர் முகம் மேற்கைப் பார்த்தது. மேற்குப் பிரகாரத்தில் வடக்கை, வடக்கில் கிழக்கை, கிழக்கில் தெற்கை. சுழலாமல் நான்கு திசையும் எப்படிப் பார்த்தார்? கருவறையை ஒருமுறை சுற்றிய கணக்கிலேயே, தானும் ஒருமுறை சுழன்றுவிட்டார்.

ஆங்கிலத்தில் இதற்கு இரண்டு சொற்கள். தன் உடம்புக்குள் ஓடும் அச்சில் திரும்பினால் ரொடேட். வெளியே இருக்கும் ஒன்றை வளைய வந்தால் ரிவால்வ். நம் பாடப்புத்தகத்துச் சுழலுதலும் சுற்றுதலும் இவைதான். பூமி ஒருமுறை சுழல 23 மணி 56 நிமிடம். அப்புறம் ஏன் நாளுக்கு 24 மணி நேரம்? சுழன்று முடிப்பதற்குள் சூரியனைச் சுற்றும் பாதையிலும் ஏறக்குறைய ஒரு பாகை நகர்ந்திருக்கும். அதே சூரியனை மறுபடி உச்சியில் பார்க்க இன்னும் 4 நிமிடம் திரும்பியாக வேண்டும்.

நிலவு சுழல்வதே இல்லை என்று படித்தவர்களும் சொல்வதுண்டு. ஒரே முகத்தைத்தானே காட்டுகிறது! வலது தோளைக் கருவறைப் பக்கமே வைத்து நடந்தவரை நினைத்துக்கொள்ளுங்கள். நிலவு பூமியைச் சுற்றவும் 27.3 நாள், தானே சுழலவும் அதே 27.3 நாள். பூமியின் ஈர்ப்பு இழுத்து இழுத்து அதன் சுழற்சியை அந்த வேகத்தில் பூட்டிவிட்டது. சுழலாமல் சுற்ற வேண்டுமானால், முகத்தை மேற்கிலேயே நிறுத்தி, ஒரு பக்கம் முன்னால், ஒரு பக்கம் பின்னால், மற்ற இரண்டு பக்கமும் நண்டுபோல நடக்க வேண்டும். அங்கப்பிரதட்சணம் செய்பவரோ பூமியின் கட்சி: ஒரு சுற்றுக்குள் பல நூறு உருளல்.

சுழற்சிக்கு ஆங்கிலத்தில் உள்ள மற்ற சொற்களுக்கு ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு வர வேண்டும். மலை இடைவெளியில் நெருக்கிக்கொண்டு பாயும் ஆடிக் காற்றுக்கு முப்பந்தல் காற்றாலைகள் நிமிடத்துக்குப் பத்து, பதினைந்து சுற்றுதான் சுற்றும். பார்க்கச் சோம்பலாகத் தெரியும். 40 மீட்டர் இறக்கையின் நுனியோ, 15 சுற்றில் மணிக்குச் சுமார் 225 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது! இந்த நிதானமான சுழற்சிக்கு ரொடேட் பொருந்தும். உள்ளே பல்சக்கரப் பெட்டி அதை நூறு மடங்காக்கி, பல காற்றாலைகளில் 1,500 சுற்று வரை ஜெனரேட்டருக்குக் கொடுக்கிறது. அங்கே சொல் ஸ்பின். காற்று திசை மாறினால் தலைப்பெட்டி மொத்தமும் மெல்ல அந்தப் பக்கம் திரும்புமே, அது ஸ்விவல்: முழு வட்டம் அடிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஸ்பின் என்ற சொல்லின் பிறப்பு எனக்குப் பிடித்த விஷயம். பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் இழையை இழுத்து முறுக்கி நூலாக்குவது. வேகமாகச் சுழல்வது என்ற பொருள் பிறகு ஒட்டிக்கொண்டது. ராட்டு சுற்ற, கதம்பை (தேங்காய் மட்டை) நாரைக் கொடுத்துக்கொண்டே பின்னால் நகர்ந்து கயிறு திரிப்பதைப் பார்த்தவர்களுக்கு இதற்கு அகராதி வேண்டாம். கோள் சுற்றிவரும் பாதைக்கான சொல்லான ஆர்பிட்டின் லத்தீன் மூலமும் இப்படித்தான்: வண்டிச் சக்கரம் மண்ணில் பதித்த தடம்.

திற்பரப்பு அருவி விழுந்த இடத்தில் தண்ணீர் வளைவதற்கு ஸ்விர்ல். இங்கே அச்சும் நிலையில்லை, பாதையும் நிலையில்லை. சுழித்துக்கொண்டு ஓடுகிறது என்று நாம் எப்போதோ சொல்லிவிட்டோம்.

இவ்வளவு கறாராகப் பிரித்த ஆங்கிலேயர், ஆபீஸில் தன் காலிலேயே சுழலும் நாற்காலிக்கு ரிவால்விங் சேர் என்று பெயர் வைத்தார்கள். விஞ்ஞானிகள் சொல் பேச்சைக் கேட்டிருந்தால் அது ரொடேட்டிங் சேர்தான்.