பீட் மரக்கரியும் அன்று, சதுப்பும் அன்று

இராமநாதபுரம் மாவட்டத்துச் சாயல்குடிப் பக்கம் ‘மரக்கரி’ என்றால் யாருக்கும் விளக்கம் வேண்டாம். சீமைக்கருவேல விறகை அடுக்கி, தழை போர்த்தி, ஈரமண் பூசி, காற்றுக்குச் சிறு துளைகள் மட்டும் விட்டுப் பற்றவைத்தால், நாட்கணக்கில் புகைந்து முடிவில் கிடைப்பது மரக்கரி. மண்பூச்சு வெடித்துக் காற்று அதிகம் புகுந்தால் மிஞ்சுவது சாம்பல்தான். இந்தச் சொல்லை எடுத்து, நீர் ஊறிய நிலத்தில் அரைகுறையாக மட்கிச் சேரும் செடிப்படிவாகிய ‘பீட்’டுக்கு (peat) நிகராகப் போட்டு, நீலகிரிப் பள்ளத்தாக்குகளில் மரக்கரிப் படிவு இருக்கிறது என்று எழுதுகிறார்கள். படிக்கும் இராமநாதபுரத்துப் பிள்ளை, அங்கே யாரோ கரிமூட்டம் போட்டிருக்கிறார்கள் என்றுதான் நினைக்கும்.

பீட் என்ற சொல் இடைக்கால லத்தீன் ‘பேட்டா’வின் வழி வந்தது. துண்டு என்று பொருள்படும் கெல்டியச் சொல்லோடு உறவுடையது என்பார்கள். வெட்டி எடுத்து உலர்த்தி எரித்த மண்கட்டிக்குப் பெயர். அவ்வளவுதான்.

பொருளுக்கு வருவோம். நீரில் ஊறிய நிலத்தில் செடி மடிந்து விழுகிறது. நீர் காற்றை அடைத்துவிடுவதால் முழுக்க மட்காமல் அப்படியே சேர்கிறது. நல்ல இடத்திலும் ஆண்டுக்கு 1 மி.மீ. அளவில்தான் வளரும். இதில் தீக்கு வேலையே இல்லை. மூட்டத்தில் மண் காற்றைத் தடுக்கிறது, இங்கே நீர் தடுக்கிறது. ஒற்றுமை அந்த ஒன்றோடு முடிந்தது. நீலகிரியில் இதற்கு மரமும் பெரிதாகக் காரணமன்று, புல்லும் கோரையும்தான்.

கோரை நம் கண்மாயிலும் மண்டுகிறது. ஆனால் பீட் சேர்வதில்லை. இங்கே ஆண்டு மழை சுமார் 800 மி.மீ., பெரும்பகுதி ஐப்பசி கார்த்திகையில் கொட்டிவிடும். கோடையில் கண்மாய் பாளம் பாளமாக வெடிக்கும், காற்று நுழையும், வெப்பத்தில் எல்லாம் மட்கிவிடும். நீலகிரி உச்சியில் 2,000 மீட்டருக்கு மேல் குளிர் மட்குதலைத் தாமதப்படுத்துகிறது. இரண்டு பருவமழையும் எட்டுகிறது. சரிவு குறைந்த பள்ளத்தாக்கின் அடியில், மலைச்சரிவின் கசிவுநீர் வந்து தேங்குமிடத்தில்தான் பீட் நிற்கிறது. செங்குத்துச் சரிவில் நீர் நிற்காது, ஆகவே பீட்டும் இல்லை. ஊட்டிக்கு அருகே சாண்டிநல்லாவில் 20,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட படிவு கிடைத்திருக்கிறது.

இன்னொரு சாரார் ‘சதுப்பு நிலம்’ என்கிறார்கள். எங்கள் கடலோரக் காரங்காட்டில் அலையாத்தி மரங்கள் நிற்கும் சேற்றுக்கும் அதே பெயர்தான். கடலேற்றம் உப்பும் வண்டலும் கொண்டுவரும் நிலமும், மழைநீரும் ஊற்றும் மட்டுமே ஊட்டும் மலைப்பள்ளமும் ஒன்றா? சதுப்பு என்பது ஈரத்தைச் சொல்கிறது, அடியில் சேர்ந்திருப்பது என்ன என்பதைச் சொல்லவில்லை. பீட் நிலம் எல்லாம் சதசதப்பானதுதான், சதசதப்பான நிலமெல்லாம் பீட் நிலம் அன்று.

‘முற்றா நிலக்கரி’ இவற்றைவிட மேல். ஆனாலும் அது சுரங்கக்காரர் பார்வை. நிலக்கரியாகாமல் குறைபட்ட ஏதோ ஒன்று என்று காட்டுகிறது. மலையில் அது ஈரத்தைத் தாங்கி ஓடைக்கு நீர் விடும் உயிருள்ள நிலம்.

‘அரைமட்கு’ என்பதே பொருந்தும். மட்கு என்பது உழவர் அறிந்த சொல், அரை என்பது நடந்ததைச் சொல்கிறது. பீட் நிலம் ‘அரைமட்கு நிலம்’. தென்னை நார்த்தூளைக் ‘கோகோபீட்’ என்று விற்கிறார்களே, அது பீட்டே அன்று. நார்த்தூள் என்ற நல்ல சொல் கையில் இருக்கும்போது அந்தப் பெயர் எதற்கு? அகராதியில் முதலில் கண்ட சொல்லைப் போடும் மொழிபெயர்ப்பாளர், பொருள் எப்படி உண்டாகிறது என்று ஒரு முறையாவது பார்க்க வேண்டும்.

மரக்கரி என்று படித்தவர் பீட்டை உலர்ந்த பண்டமாகவே எண்ணுவார். ஆனால் அதைக் காப்பதே ஈரம்தான். அரைமட்கு நிலத்தில் ஒரு வடிகால் வெட்டினால் நீர்மட்டம் இறங்கும், காற்று புகும், அதுவரை நின்றிருந்த மட்குதல் தொடங்கும், நிலம் அமுங்கும். நன்றாகக் காய்ந்துவிட்டால் பிறகு மழை பெய்தாலும் எளிதில் நீரை ஏற்காது. தீப்பிடித்தால் மண்ணுக்கடியிலேயே கனன்றுகொண்டிருக்கும்.