ஒரே டிஸ்ப்ளேவுக்கு இரண்டு பேட்டன்ட் கிடைக்குமா?

ஒரு கண்டுபிடிப்புக்கு ஒரு பேட்டன்ட். 1970ஆம் ஆண்டின் பேட்டன்ட் சட்டம், பிரிவு 46(2), சொல்வது இவ்வளவுதான். படிக்கும்போது சாதாரணமாகத் தெரியும் இந்த விதி, கிளைம்களை, அதாவது உரிமை கேட்கும் வாக்கியங்களை, எழுதி அனுப்பிய பிறகு ஆட்சேபமாகத் திரும்பி வந்தால்தான் தலையைச் சுற்ற வைக்கும். அதிலும் எல்சிடி திரை மாதிரி அடுக்கடுக்காகப் பாகங்கள் சேர்ந்த பொருளில், ஒரே சரக்கை இரண்டு விண்ணப்பத்தில் கேட்டுவிடுவது ரொம்பச் சுலபம்.

கற்பனையாக ஒன்றை வைத்துக்கொள்வோம். மதுரை மாட்டுத்தாவணி பேருந்து நிலையத்தில் உச்சி வெயிலில் எல்சிடி பலகையைப் படிக்க முடியவில்லை. கே.புதூரில் சின்னதாக எலெக்ட்ரானிக்ஸ் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் இதற்கு வழி கண்டுபிடிக்கிறார். எல்சிடி என்பது இரண்டு கண்ணாடித் தகடுகள். நடுவே சில மைக்ரோமீட்டர் கனத்துக்குத் திரவப் படிகம். கீழ்க் கண்ணாடியில் டிரான்சிஸ்டர்களும் பிக்சல் மின்முனைகளும், மேல் கண்ணாடியில் சிவப்பு, பச்சை, நீல வடிகட்டிகள், இரண்டு பக்கமும் போலரைசர் (ஒரே திசையில் அதிரும் ஒளியை மட்டும் விடும் தாள்), பின்னால் எல்இடி விளக்கு. மின்னழுத்தம் மாறினால் படிக மூலக்கூறுகள் திரும்பும், வெளியே வரும் வெளிச்சம் கூடும் அல்லது குறையும். ஒவ்வொரு பிக்சலிலும் ஒரு பகுதியைப் பிரதிபலிக்கும்படி செய்து வெயிலையே வெளிச்சமாகப் பயன்படுத்தும் உத்தி ஏற்கெனவே உலகத்தில் இருக்கிறது. நம் ஆள் கண்டுபிடித்தது அந்தப் பகுதிக்கு ஒரு புது வடிவம்.

முதல் விண்ணப்பத்தில் அவர் கேட்டது: இப்படி வடிவமைத்த பிரதிபலிப்புப் பகுதி கொண்ட எல்சிடி பேனல். கொஞ்ச நாள் கழித்து இரண்டாவது விண்ணப்பம்: அதே பேனல், பின்னால் எல்இடி விளக்கு, சுற்றி ஒரு பெட்டி, எல்லாம் சேர்ந்த பேருந்து நிலைய அறிவிப்புப் பலகை. இரண்டும் வேறு வேறு என்று அவருக்குத் தோன்றுகிறது. விண்ணப்பத்தைப் பரிசீலிக்கும் பேட்டன்ட் அலுவலக ஆய்வாளருக்கு அப்படித் தோன்றாது. எல்சிடிக்குப் பின்னால் விளக்கு வைப்பதும் அதைப் பெட்டியில் அடைப்பதும் எல்லாரும் செய்வது. ஒரே ஆள் காலையில் வேட்டியிலும் மாலையில் பேன்ட்டிலும் வந்து வரிசையில் நின்றால், டோக்கன் கொடுப்பவருக்கு அடையாளம் தெரியாமலா போகும்?

இங்கே கவனிக்க வேண்டியது கிளைமை மட்டும்தான். விளக்கவுரையும் படங்களும் இரண்டு விண்ணப்பத்திலும் எழுத்துக்கு எழுத்து ஒன்றாகவே இருக்கலாம், அதில் தவறில்லை. 'இதற்குத்தான் எனக்கு உரிமை வேண்டும்' என்று எண் போட்டு எழுதுகிறோமே, அந்த வாக்கியங்கள் மோதக் கூடாது. மோதுகிறதா என்று பார்க்க ஒரு நேரடியான கேள்வி உண்டு: ஒரு கிளைமை மீறாமல் இன்னொன்றை மட்டும் ஒருவர் மீற முடியுமா? எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் முடியாது என்றால், இரண்டும் ஒரே கண்டுபிடிப்பு.

இந்தக் கேள்வி அமெரிக்காவிலிருந்து வந்தது. அங்கே இந்த ஆட்சேபம் இரண்டு வகை. அச்சு அசலாக அதே கண்டுபிடிப்பு என்றால் அவர்கள் சட்டத்தின் 101ஆவது பிரிவே தடுத்துவிடும். கிளைமை மாற்றினாலோ நீக்கினாலோதான் தப்பலாம். அப்படியே அதுவாக இல்லாமல், அதிலிருந்து எளிதில் ஊகிக்கக்கூடிய சிறு மாறுதல் என்றால், அதற்கான தடை நீதிமன்றங்கள் உருவாக்கியது. 1970இல் வோகல் என்பவரின் வழக்கில் இது தெளிவானது. பன்றி இறைச்சியைப் பக்குவப்படுத்திப் பொதியும் முறைக்கு முதல் பேட்டன்ட்; பிறகு 'இறைச்சி' என்று பொதுவாக ஒரு கிளைம், 'மாட்டிறைச்சி' என்று ஒரு கிளைம். பொதுக் கிளைமில் பன்றியும் அடங்கிவிடுவதால் அது விழுந்தது, மாட்டிறைச்சிக் கிளைம் தப்பியது. கே.புதூர்க்காரரின் பலகையை இந்த அளவுகோலில் வைத்தால் இரண்டாம் வகையில்தான் விழும்.

இந்த இரண்டாம் வகை ஆட்சேபத்துக்கு அமெரிக்காவில் எளிய மருந்து இருக்கிறது, பெயர் டெர்மினல் டிஸ்க்ளைமர். 'என் இரண்டாவது பேட்டன்ட் முதலாவதோடு சேர்ந்தே முடியட்டும், இரண்டும் ஒரே உரிமையாளர் கையில் இருக்கும்வரைதான் செல்லட்டும்' என்று எழுதிக் கொடுப்பது. அவர்களுக்கு இருந்த பயம் இரண்டு: ஒரே பொருளின் உரிமைக்காலம் நீண்டுகொண்டே போவது, இரண்டு பேட்டன்ட்டும் இரண்டு பேர் கைக்குப் போய் ஒரே உற்பத்தியாளர் மீது இரண்டு பேரும் வழக்குப் போடுவது. அந்த ஒரு தாள் இரண்டையும் அடைத்துவிடுகிறது. எல்சிடி நிறுவனங்களின் அமெரிக்கக் கோப்புகளைத் திறந்தால் இந்தத் தாள் சகஜமாகக் கண்ணில் படும்.

நம் சட்டத்தில் அந்தத் தாளுக்கு இடம் கிடையாது. இணையத்தில் கிடைக்கும் அமெரிக்கப் பதிலைப் பார்த்து எழுதி கிண்டி பேட்டன்ட் அலுவலகத்துக்கு அனுப்பினால் ஆட்சேபம் அப்படியே நிற்கும், நாள்தான் போகும். இங்கே வழி வேறு.

எந்த வழி என்பதைத் தேதிதான் முடிவு செய்யும். முதல் விண்ணப்பம் பொதுவாக 18 மாதம் கழித்து வெளியிடப்படும். அதற்கு முன்பே இரண்டாவதைத் தாக்கல் செய்திருந்தால், பிரிவு 13(1)(ஆ)படி ஆய்வாளர் கிளைமோடு கிளைமை ஒப்பிட்டுப் பார்ப்பார். வெளியான பிறகு தாக்கல் செய்தால் நிலைமை மோசம். உங்கள் முதல் விண்ணப்பத்தின் விளக்கவுரை முழுவதும் உங்களுக்கே எதிராக நிற்கும். புதுமையும் இல்லை, கண்டுபிடிப்புப் படிநிலையும் (துறை தெரிந்தவர் எளிதில் ஊகிக்க முடியாத முன்னேற்றமும்) இல்லை என்று சொல்லிவிடலாம். 'நான் எழுதியதுதானே' என்ற பதில் எடுபடாது. (கல்லூரிக் கண்காட்சியில் மாடலை முதலில் வைத்துவிட்டுப் பிறகு விண்ணப்பிக்கிற மாணவர்களுக்கும் இதே கதிதான். சட்டம் தரும் 12 மாதச் சலுகை, மத்திய அரசு அறிவித்த கண்காட்சி, கற்றோர் சங்கத்தில் வாசித்த கட்டுரை போன்ற சிலவற்றுக்கு மட்டுமே.)

முதல் விண்ணப்பத்திலேயே உண்மையில் இரண்டு கண்டுபிடிப்புகள் இருந்தால் பிரிவு 16 உதவும். பேனலின் வடிவம் ஒன்று, அந்த வடிவத்தைக் கண்ணாடியில் பதிக்கும் புதிய முறை ஒன்று என்று வையுங்கள். இரண்டாவதைத் தனியாகப் பிரித்து டிவிஷனல் விண்ணப்பமாகப் போடலாம். முதல் விண்ணப்பத்தின் தேதியே இதற்கும் கிடைக்கும், 20 ஆண்டுக் கணக்கும் அங்கிருந்தே தொடங்கும். ஆனால் முதல் பேட்டன்ட் வழங்கப்படுவதற்கு முன்பே பிரித்தாக வேண்டும். புதிதாக ஒரு விஷயத்தையும் சேர்க்கக் கூடாது. 16(3)படி ஒன்றில் கேட்டதை மற்றதில் கேட்கக் கூடாது. பிரிக்க வேண்டிய இரண்டாவது கண்டுபிடிப்பு கிளைமிலேயே இருக்க வேண்டுமா, விளக்கவுரையில் இருந்தால் போதுமா என்ற சண்டை ரொம்ப நாள் ஓடியது. விளக்கவுரையில் இருந்தால் போதும் என்று 2023இல் சின்ஜென்டா வழக்கில் டெல்லி உயர் நீதிமன்ற அமர்வு சொன்னது; 2024 விதித் திருத்தமும் அதே பக்கம் சாய்ந்தது.

கே.புதூர்க்காரருக்கு நான் சொல்வது பிரிவு 54. தன் சொந்தக் கண்டுபிடிப்பை மேம்படுத்தியவருக்கான கூடுதல் பேட்டன்ட் அது. முக்கிய பேட்டன்ட்டோடு சேர்ந்தே அது முடிந்துவிடும். அமெரிக்கத் தாள் செய்கிற வேலையில் பாதியை நம் சட்டம் இப்படிச் செய்கிறது. முக்கிய கண்டுபிடிப்பை வைத்துப் பார்த்தால் கண்டுபிடிப்புப் படிநிலை போதவில்லை என்ற ஒரே காரணத்துக்காக இதை மறுக்க முடியாது என்கிறது பிரிவு 56. சின்னச் சின்ன மேம்பாடுகளாகச் செய்துகொண்டு போகும் பட்டறைக்காரருக்கு இதைவிடத் தோதான ஏற்பாடு வேறில்லை; இவ்வளவு இருந்தும் பலர் இதைத் திரும்பிப் பார்ப்பதில்லை. புதுமை மட்டும் இருந்தாக வேண்டும். அதே பேனலைப் பெட்டியில் போட்டது மேம்பாடு ஆகாது. வெயிலுக்கு ஏற்ப விளக்கைத் தானாகக் குறைக்கும் ஏற்பாட்டைப் பிரதிபலிப்புப் பகுதியோடு புது விதமாக இணைத்திருந்தால், அதைக் கேட்கலாம்.

எதுவும் பொருந்தவில்லையென்றால் மோதும் கிளைமைக் குறுக்க வேண்டும், இல்லாவிட்டால் கைவிட வேண்டும். குறுக்கலாம், அகலப்படுத்த முடியாது. பிரிவு 59 விடாது. முதல் ஆய்வறிக்கை வந்த நாளிலிருந்து பதிலுக்கு 6 மாதம், கேட்டால் இன்னும் 3 மாதம். பதிலில் இரண்டு விண்ணப்பத்தின் கிளைம்களையும் பக்கத்துப் பக்கத்தில் அட்டவணையாகப் போட்டு, எந்த வார்த்தை எதில் இல்லை, அது இல்லாததால் செயல்பாட்டில் என்ன மாறுகிறது என்று எழுதுங்கள். பத்துப் பக்க வாதத்தைவிட அந்த அட்டவணைக்கு மதிப்பு அதிகம். விசாரணை காணொளியில் நடக்கும். அதற்காக வைகை எக்ஸ்பிரஸ் பிடிக்க வேண்டியதில்லை. மறுத்துவிட்டால் 3 மாதத்துக்குள் உயர் நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்யலாம்.

செலவையும் பார்த்துவிடுங்கள். தனிநபர், ஸ்டார்ட்-அப், சிறு நிறுவனம், கல்வி நிறுவனம் ஆகியோருக்கு இணைய வழித் தாக்கல் கட்டணம் 1,600 ரூபாய், பரிசீலனைக் கோரிக்கைக்கு 4,000. பிரித்துப் போடும் ஒவ்வொரு டிவிஷனலுக்கும் இவை தனித்தனி. பேட்டன்ட் கிடைத்த பிறகு 3ஆம் ஆண்டு முதல் 6ஆம் ஆண்டு வரை வருடத்துக்கு 800 ரூபாய் புதுப்பிப்பு, கடைசி ஐந்து ஆண்டுகளில் அது 8,000 வரை ஏறும். கூடுதல் பேட்டன்ட்டுக்கு, முக்கிய பேட்டன்ட் உயிரோடு இருக்கும்வரை, புதுப்பிப்புக் கட்டணமே கிடையாது.