பரிசலிலும் பாய்ப்பலகையிலும் லைஃப் ஜாக்கெட்: விதி என்ன, உரிமை என்ன

ஒகேனக்கல்லில் பரிசல் ஏறும் ஒவ்வொருவரும் லைஃப் ஜாக்கெட் அணிந்தே செல்ல வேண்டும் என்பது தருமபுரி மாவட்ட நிர்வாகம் விதித்துள்ள நிபந்தனை. இது பென்னாகரம் வட்டாரத்தில் அனைவருக்கும் தெரியும். ஆனால் ராமேசுவரம் பக்கம் சென்று, பாய் கட்டிய பலகையில் நின்று காற்றின் விசையால் ஓடும் விண்ட்சர்ஃபிங்கையோ, பெரிய பட்டம் இழுக்கப் பலகையில் சறுக்கும் கைட்சர்ஃபிங்கையோ கற்க விரும்பும் தருமபுரி, கிருஷ்ணகிரி இளைஞர்களுக்கு எந்த விதி பொருந்தும் என்பது பலருக்கும் தெளிவாக இல்லை.

உள்நாட்டு நீர்நிலைகளுக்கு இன்று அடிப்படையாக இருப்பது 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம். 1917ஆம் ஆண்டுச் சட்டத்தை நீக்கிவிட்டு வந்த இந்தச் சட்டம் 2022 ஜூன் மாதம் நடைமுறைக்கு வந்தது. எஞ்சின் பொருத்திய கலங்களைப் பதிவு செய்வது, சோதிப்பது, அவற்றில் உயிர்காப்புச் சாதனங்கள் உள்ளனவா என்று பார்ப்பது ஆகியவற்றை இது விரிவாக வகுக்கிறது. எஞ்சின் இல்லாத கலங்களுக்குத் தனி அத்தியாயம் உண்டு. அவற்றை மாவட்டம், வட்டம், ஊராட்சி ஆகிய நிலைகளிலேயே பதிவேட்டில் சேர்க்கலாம் என்று சட்டம் சொல்கிறது. துடுப்பால் செல்லும் பரிசல் இந்த இரண்டாவது வகை என்பதால், அதன் பாதுகாப்புப் பொறுப்பு சென்னையிலோ டெல்லியிலோ இருக்கும் ஓர் அலுவலகத்தைவிட உள்ளூர் நிர்வாகத்தின் கையில்தான் பெரிதும் இருக்கிறது. இது நல்ல ஏற்பாடு என்றே நினைக்கிறேன். ஆற்றின் குணம் அறிந்தவர்கள் ஆற்றங்கரையில்தான் இருக்கிறார்கள்.

கடலில் நிலைமை வேறு. அங்கே விளையாட்டுப் பயிற்சி தரும் நிறுவனங்களைப் பொறுத்தவரை, சாகசச் சுற்றுலா நடத்துவோரைப் பதிவு செய்யும் முறை ஒன்றைத் தமிழ்நாடு சுற்றுலாத் துறை வைத்திருக்கிறது. பணம் கட்டும் முன் அந்தப் பதிவுச் சான்றைக் காட்டும்படி கேட்பதில் கூச்சப்பட எதுவும் இல்லை. பயிற்றுநரின் தகுதிச் சான்றையும் அப்போதே பார்த்துவிடலாம். நீர் விளையாட்டுப் பயிற்சிக்கென்றே கோவாவில் ஒன்றிய அரசின் தேசிய நீர் விளையாட்டு நிறுவனம் இயங்குகிறது. உயிர்காப்பாளர்களுக்கும் படகு ஓட்டுபவர்களுக்கும் அது பயிற்சி அளித்துச் சான்று வழங்குகிறது.

இணையத்தில் இந்த விளையாட்டைப் பற்றித் தேடுபவர்கள் கண்டிப்பாக ஒரு செய்தியைப் பார்ப்பார்கள்: அமெரிக்காவில் விண்ட்சர்ஃபிங் பலகைக்கு லைஃப் ஜாக்கெட் விதியிலிருந்து விலக்கு உண்டு என்பதே அது. செய்தி உண்மைதான். அந்நாட்டுக் கூட்டாட்சி விதிப்படி, பொழுதுபோக்குப் படகில் எத்தனை பேர் இருக்கிறார்களோ அத்தனை ஜாக்கெட்டுகள் படகில் இருக்க வேண்டும். பாய்ப்பலகைக்கு அந்தக் கட்டாயம் இல்லை. ஆனால் அங்குள்ள மாநிலங்கள் இதைவிடக் கடுமையான விதியை வகுத்துக்கொள்ளலாம். பாய்ப்பலகை தானே மிதக்கக் கூடியது. பாய்மரமும் பலகையும் ஒன்றோடொன்று இணைந்திருப்பதால், விழுந்தவர் பலகையையே பற்றிக்கொள்ளலாம் என்று விளையாட்டுக்காரர்கள் சொல்வதுண்டு. கைட்சர்ஃபிங்குக்கு இந்த வாதம் பொருந்தாது. அதில் பலகை சிறியது, காலிலிருந்து கழன்றால் அலையோடு போய்விடும். பட்டமோ ஆளை வேறு திசைக்கு இழுத்துக்கொண்டிருக்கும். இரண்டையும் ஒரே விதியால் அளப்பது தவறு.

போட்டிகளுக்கு வேறொரு கட்டுப்பாடு இருக்கிறது. உலகப் பாய்மரப் படகுக் கூட்டமைப்பின் விதி நூல், நிலைமைக்குப் போதுமான மிதவை உடையை அணிவது ஒவ்வொரு வீரரின் தனிப்பட்ட பொறுப்பு என்கிறது. நடுவர்கள் ‘ஒய்’ கொடியை ஏற்றிவிட்டால் அதை அணிந்தே ஆக வேண்டும். குளிரைத் தாங்க அணியும் ரப்பர் உடை மிதவை உடையாகக் கணக்கில் வராது. 2023இல் நடந்த ஹாங்சோ ஆசிய விளையாட்டுப் போட்டியில் விண்ட்சர்ஃபிங்கில் இந்தியாவுக்கு வெண்கலம் பெற்றுத் தந்த எபாத் அலி, கடலே இல்லாத மத்தியப் பிரதேசத்தின் பயிற்சி மையத்தில் ஏரி நீரில் வளர்ந்தவர். நம் மாவட்டங்களும் கடலில்லாதவையே. எனவே இந்த விளையாட்டு நமக்கு எட்டாதது என்று யாரும் எண்ண வேண்டியதில்லை; ஆனால் கிருஷ்ணகிரி மாவட்டத்தின் கே.ஆர்.பி. அணையிலோ கெலவரப்பள்ளி அணையிலோ, அணையை நிர்வகிக்கும் நீர்வளத் துறையின் அனுமதியின்றித் தானாகப் பலகையை இறக்குவது கூடாது.

அமெரிக்க விலக்கை இங்கே யாரும் எடுத்துக்காட்டாகக் கொள்ள வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. மனித உடல் ஏறக்குறைய நீரின் அடர்த்தியையே கொண்டது. தலை நீருக்கு மேலே நிற்க, பெரும்பாலான பெரியவர்களுக்கு இன்னும் நான்கைந்து கிலோ அளவுக்குத்தான் தாங்குவிசை வேண்டும். அதைத்தான் ஜாக்கெட் தருகிறது. பன்னாட்டுத் தர அளவில் செய்யப்பட்ட ஜாக்கெட்டின் உட்புறச் சீட்டில் 50, 100, 150 என்று நியூட்டன் எண் அச்சிடப்பட்டிருக்கும். 50 என்பது ஏறத்தாழ ஐந்து கிலோ தாங்குவிசை; நீச்சல் தெரிந்து, உதவியும் அருகில் இருப்பவர்களுக்கு மட்டுமே அது. கை கால்களை வீசி ஆட வேண்டியிருப்பதால் பலகை விளையாட்டுக்காரர்கள் பெரும்பாலும் இதைத்தான் அணிகிறார்கள். மயங்கியவரை முகம் மேலாகத் திருப்பும் என்று 50ஐ நம்பக் கூடாது; 150 அதற்காகவே வடிவமைக்கப்பட்டது. நீச்சல் தெரியாதவர்களை ஏற்றும் பரிசலில் 100க்குக் குறையாமல் இருப்பதே முறை.

கைட்சர்ஃபிங் கடைகளில் விற்கும், விலா எலும்பில் அடிபடாமல் காக்கும் திண்டு உடைகள் எல்லாமே மிதவை உடைகள் ஆகிவிடாது. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும். சீட்டில் நியூட்டன் எண் இல்லையென்றால் அதை நம்பி நீரில் இறங்க வேண்டாம். நீர் பட்டதும் தானே காற்று நிரம்பும் வகையும் இந்த விளையாட்டுக்கு ஆகாது, ஏனெனில் கற்பவர் முதல் நாளிலேயே பலமுறை விழுவார்.

ஜாக்கெட்டை அணிந்தபின் ஒரு சோதனை செய்ய வேண்டும். பக்கத்தில் இருப்பவரைத் தோள்பட்டைப் பகுதியைப் பிடித்து மேலே தூக்கச் சொல்லுங்கள். ஜாக்கெட் முகவாயைத் தாண்டி ஏறினால் அது தளர்ந்திருக்கிறது. நீரில் விழும்போது தலைவழியே கழன்றுவிடும். பரிசலில் புழுக்கத்துக்காகக் கொக்கிகளை அவிழ்த்துவிட்டு வெறுமனே தோளில் போட்டுக்கொள்வதையும், படம் எடுப்பதற்காகக் கழற்றுவதையும், சிலர் அதன் மேலேயே உட்கார்ந்துகொள்வதையும் ஒகேனக்கல்லின் கோத்திக்கல் துறைப் பக்கம் எவரும் காணலாம். மேலே உட்கார்ந்தால் உள்ளிருக்கும் நுரைத்தட்டு நசுங்கி, மிதக்கும் வலு குறைந்துவிடும். குழந்தைகளுக்கு வயதைப் பார்க்காமல் எடையைப் பார்த்தே தேர்ந்தெடுக்க வேண்டும். கால்களுக்கு நடுவே வரும் பட்டை இருப்பது அவசியம். பெரியவர் ஜாக்கெட்டைச் சிறுவனுக்கு மாட்டிக் கயிற்றால் இறுக்கிக் கட்டுவது பாதுகாப்பு ஆகாது. அளவு இல்லையென்றால் அந்தப் பரிசலில் ஏற வேண்டாம்.

ஜாக்கெட் இருந்தும் போதாத நாள்கள் உண்டு. அருவிக்குக் கீழே பொங்கும் வெண்ணுரை நீரில் காற்று கலந்திருப்பதால், தெளிந்த நீரில் கிடைக்கும் தாங்குவிசை அங்கே கிடைப்பதில்லை. பாறைகளுக்கு இடையே உள்ள சுழலும் கீழே இழுக்கும். இதனால்தான், காவிரி தமிழ்நாட்டுக்குள் நுழையும் பிலிகுண்டுலுவில் மத்திய நீர் ஆணையம் அளக்கும் நீர்வரத்து உயரும்போது மாவட்ட நிர்வாகம் குளிக்கவும் பரிசல் இயக்கவும் தடை விதிக்கிறது. கர்நாடக அணைகளில் திறந்துவிட்ட நீர் இங்கே மழையே இல்லாதபோதும் வந்து சேரும் என்பதால், வானம் தெளிவாக இருக்கிறதே என்று வாதிட்டுப் பயனில்லை.

இனி உரிமை. கூலிக்கு ஆள் ஏற்றும் கலம், உயிருக்கு ஆபத்து விளைவிக்கும் நிலையிலோ அளவுக்கு மீறிய சுமையிலோ இருப்பது தெரிந்தும், அல்லது கவனக்குறைவாலும், அதில் ஆளை ஏற்றிச் செல்வது இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 284ஆம் பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறையோ, 5,000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். கட்டணம் செலுத்திப் பயணிப்பவர் நுகர்வோரும் ஆவார். சேவைக் குறைபாட்டுக்காக 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை அணுகலாம், முன்னதாக 1915 என்ற உதவி எண்ணில் ஆலோசனை கேட்கலாம். கிழிந்த ஜாக்கெட் தருகிறார்கள், தரவே மறுக்கிறார்கள் என்றால் முதல்வரின் உதவி மையத்துக்கு 1100இல் புகார் சொல்லலாம். திங்கள்கிழமை நடக்கும் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்தில் ஆட்சியரிடம் மனுவாகவும் கொடுக்கலாம். ஆபத்து நேர்ந்துகொண்டிருக்கும்போது அழைக்க வேண்டியவை 112, மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 ஆகியவை. கட்டணச் சீட்டைப் பயணம் முடிந்த பின்னும் பத்திரமாக வைத்திருங்கள். புகாரின் முதல் ஆதாரம் அதுவே.